ஊவாத் தோட்டங்களில் கந்தகம்: ஒரு வரலாற்று நோக்கு

கந்தகம் என்னும் பெயர் மணத்தைக் குறிக்கும் ‘கந்தம்’ என்ற வடசொல்லின் அடியாகப் பிறந்தது. ஆயினும் தூய கந்தகத்துக்கு மணம் மிகச் சிறிதே. அது எரியும்போதும், ஐதரசனோடோ காபனோடோ சேர்ந்து புதிய சேர்வைகளாக மாறும்போதும்தான் மனிதரின் மூக்கைத் தாக்கும் நெடி பிறக்கின்றது. அழுகிய முட்டையின் வாடை, உள்ளி நசித்த வாடை, எரிந்த தீக்குச்சியின் காரம் ஆகிய மூன்றும் கந்தகச் சேர்வைகளின் வெவ்வேறு முகங்களே. பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்து நின்ற ‘நாற்றம்’ என்னும் சொல் இன்று வெறுக்கத்தக்க வாடையை மட்டும் குறிப்பதாக மாறிவிட்டது. கந்தகத்தின் வரலாற்றிலும் இத்தகைய இருமை உண்டு. சித்த மருத்துவத்தில் தோல்நோய்க்கு மருந்தாகிய அதே பொருள், தொழிற்சாலையிலும் வயலிலும் நோய்க்குக் காரணமாகியும் நின்றது.

பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவா மாகாணத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு இப்பொருளின் வரலாற்றை நோக்குவது பயனுடையது. கோப்பி, தேயிலை, இறப்பர் என்னும் மூன்று பெரும் பயிர்களோடும் கந்தகமும் அதன் சேர்வைகளும் ஒவ்வொரு வடிவில் தொடர்புற்றன. ஒவ்வொரு முறையும் அவை பயிரைக் காக்கும் பொருளாகவோ விளைபொருளின் விலையை உயர்த்தும் பொருளாகவோ வந்தன. அவற்றின் பயன் தோட்டக் கணக்கேடுகளிற் பதிவாயிற்று. அவற்றைச் சுமந்து தூவித் தெளித்தவர்களின் உடலில் அவை விளைத்தவை பற்றிய பதிவோ மிக அரிது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, ஏன் நீடித்தது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

மடுல்சீமையில் கண்ட செம்மஞ்சள் தூள்

1869 ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமை மலைப்பகுதிக் கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படர்ந்திருப்பது காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்சு அனுப்பிய இலைகளை ஆராய்ந்த ஆங்கிலப் பூஞ்சணவியலறிஞர் பேர்க்கிலி, அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்கு ‘எமிலேயா வசுராற்றிக்சு’ எனப் பெயரிட்டார். அப்பெயரின் இரண்டாம் பகுதி ‘பாழாக்குவது’ என்னும் பொருளுடையது. ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1886 இல் ஆதலின், அக்காலத்தில் மடுல்சீமை மத்திய மாகாண நிருவாகத்தின் கீழிருந்தது.

நோய் கண்ட உடனே தோட்டத்துரைமார் அச்சம் கொள்ளவில்லை. 1870களிற் கோப்பியின் விலை உயர்ந்து நின்றது. விளைச்சல் குறைந்தபோதும் வருவாய் பெரிதாகக் குறையவில்லை. காடுகள் மேலும் வெட்டப்பட்டுப் புதிய தோட்டங்கள் திறக்கப்பட்டன. அப்பத்தாண்டின் இறுதியில் இலங்கையின் கோப்பிப் பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கராக இருந்தது. மலைக்கு மலை ஒரே பயிர் இடைவெளியின்றிப் பரந்தமை நோய்க்கு வழி திறந்து வைத்தது போலாயிற்று.

இந்நிலையிலேயே கந்தகம் தோட்டங்களுக்கு வந்தது. அதற்கு ஐரோப்பிய முன்மாதிரி ஒன்று இருந்தது. 1845 இல் இங்கிலாந்தின் மார்கேற்றில் திராட்சைக் கொடிகளில் வெண்தூள் நோய் தோன்றியபோது, தக்கர் என்னும் தோட்டக்காரர் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து அதனை அடக்கினார். 1850களிற் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் அந்நோயால் அழியும் நிலையை அடைந்தபோது கந்தகத் தூளே அவற்றைக் காத்தது. கந்தகத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கொதிக்கவைத்துப் பெறும், அழுகிய முட்டை வாடையுடைய கரைசலும் அக்காலத்திலேயே வழக்குக்கு வந்தது. திராட்சையைக் காத்த பொருள் கோப்பியையும் காக்கும் என்று தோட்டத்துரைமார் நம்பியது வியப்பன்று.

1877 முதல் 1879 வரை பேராதனையில் உதவிப் பணிப்பாளராயிருந்த தானியல் மொரிசு இந்நம்பிக்கைக்கு அறிவியல் வடிவம் தந்தார். பூஞ்சணத்தின் வாழ்க்கையில் ஒரு பருவம் இலையின் வெளிப்புறத்திலும் பட்டையிலும் கழிகின்றது என்றும், அப்பருவத்திற் கந்தகத் தூளும் சுட்ட சுண்ணாம்பும் கலந்து தூவினால் அதனை அழிக்கலாம் என்றும் அவர் கருதினார். 1879 இல் தோட்டத்துரைமார் மேற்கொண்ட நோயொழிப்பு முயற்சி இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

மொரிசு யமேக்காவுக்குச் சென்றபின், 1880 இல் மார்சல் உவாட் என்னும் இளம் அறிஞர் இந்நோயை ஆராயவென இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இரண்டாண்டுக் காலம் உருப்பெருக்கியின் துணையோடு அவர் நடத்திய ஆய்வு, பின்னாளில் தாவர நோயியல் வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. காற்றினாற் பரவும் வித்திகள் இலையின் அடிப்புறத்தில் விழுந்து முளைத்து, இலைவாய்களினூடாக உள்ளே புகுகின்றன என்றும், பூஞ்சணம் இலையின் உள்ளிழையத்திலேயே வளர்கின்றது என்றும் அவர் காட்டினார். வெளிப்புறத்திற் காணப்பட்ட இழைகள் வேறு பூஞ்சணங்களுடையவை என்பதும் தெளிவாயிற்று.

கந்தகம் ஏன் தோற்றது என்பதற்கு இதுவே விடை. திராட்சையின் வெண்தூள் நோய்ப் பூஞ்சணம் இலையின் மேற்பரப்பில் வளர்வது. ஆதலின் மேலே தூவிய கந்தகம் அதனை எட்டியது. கோப்பியின் பூஞ்சணமோ இலைக்குள் புகுந்தபின் கந்தகத்துக்கு எட்டாத இடத்தில் இருந்தது. வித்தி முளைப்பதற்கு முன்னரே ஒவ்வோர் இலையின் அடிப்புறத்திலும் மருந்து படிந்திருத்தல் வேண்டும். மழை பெய்யும் மலைச்சரிவில், நாள்தோறும் புதுத் தளிர் விடும் கோடிக்கணக்கான செடிகளுக்கு அதனைச் செய்து முடித்தல் இயலாததாயிற்று. 1884 இல் தோட்டங்களுக்குக் கடன் வழங்கி வந்த ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் முறிந்தது. கோப்பியின் காலம் முடிவை நெருங்கியது.

சுமந்தவர்களின் வரலாறு

கோப்பி நோயின் வரலாறு பேர்க்கிலி, துவைற்சு, மொரிசு, உவாட் என்னும் பெயர்களால் எழுதப்பட்டுள்ளது. செடிக்குச் செடி குனிந்து தூள் தூவியவர்களின் பெயர்கள் அதில் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே அப்பணியைச் செய்யக்கூடியவராயிருந்தனர். நுண்ணிய கந்தகத் தூள் கண்ணை எரிக்கும், தோலை அரிக்கும், மூச்சுக் குழலை வறட்டும். சுட்ட சுண்ணாம்போ வியர்வையிற் பட்டால் சுடும் இயல்பினது. இவ்விரண்டும் கலந்த தூளைக் காற்றடிக்கும் சரிவில் தூவுதல் எத்தகைய வேலையாயிருந்திருக்கும் என்பது இப்பொருள்களின் இயல்பிலிருந்தே விளங்கும். புகையிரதம் பதுளையை அடைந்தது 1924 இல் ஆதலின், கோப்பிக் காலத்தில் ஊவாவுக்கு வந்த பொருள்கள் மாட்டுவண்டியிலும் ஆள்தலையிலும் மலையேறின.

இங்கே கடல் கடந்து சற்று நோக்குதல் பொருத்தமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு வந்த கந்தகத்தின் பெரும்பகுதி இத்தாலியின் சிசிலித் தீவில் அகழப்பட்டது. அங்குள்ள சுரங்கங்களில் ‘கரூசி’ எனப்பட்ட சிறுவர்கள், சூடும் நச்சுப்புகையும் நிறைந்த இருளில், கந்தகக் கற்களை முதுகிற் சுமந்து மேலே ஏறினர். சுரங்கத் தொழிலாளி சிறுவனின் பெற்றோருக்கு ஒரு தொகையை முற்பணமாகக் கொடுப்பான். அதனைத் தீர்க்கும் வரை சிறுவன் அவனை விட்டு நீங்க முடியாது. அத்தொகை சிசிலி மக்களின் வழக்கில் ‘செத்த உதவி’ எனப்பட்டது. 1910 இல் அச்சுரங்கங்களைப் பார்வையிட்ட அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் புக்கர் வொசிங்ரன், அடிமை முறையின் கீழ்ப் பிறந்தவராயிருந்தும், அச்சிறுவர்களின் நிலை கண்டு அதிர்ந்து எழுதினார்.

இலங்கைத் தோட்டங்களிலும் முற்பணமே பிணிப்பாயிருந்தது. கடற்செலவுக்கும் வழிச்செலவுக்கும் கங்காணி கொடுத்த பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறியது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின், அவனுடைய கடன் தொகை குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவனை ஏற்கும். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கரூசிச் சிறுவனையும் தோட்டத் தொழிலாளியையும் முற்றும் ஒப்பிடுதல் பொருந்தாது. வேலையும் வயதும் சட்டமும் வேறு. ஆயினும் கந்தகத்தை அகழ்ந்த கையும் அதனைத் தூவிய கையும் கடனாற் கட்டப்பட்டிருந்தன என்னும் ஒற்றுமை புறக்கணிக்கத்தக்கதன்று. நெடியை உணர்ந்தவன் அவ்விடத்தை விட்டு விலகுவது இயற்கை. விலகும் உரிமை இல்லாதவனுக்கு அவ்வுணர்வாற் பயனில்லை.

தேயிலையும் இருவகை மூக்கும்

1867 இல் யேம்சு ரெயிலர் லூல்கொந்தரைத் தோட்டத்தில் தொடங்கிய தேயிலைச் செய்கை, கோப்பி வீழ்ந்தபின் மலைநாடெங்கும் பரவியது. 1890 இல் தோமசு லிப்ரன் அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியபின் ஊவாத் தேயிலையின் பெயர் உலகச் சந்தையில் நிலைபெற்றது. கோப்பிக்குப் பருவகால ஆட்கள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வேண்டும். லயன் அறைகளில் நிலையாகக் குடியேறிய சமூகம் இவ்வாறு உருவாயிற்று. தோட்டத்திற் பயன்படும் எந்தப் பொருளும் வேலைத்தலத்தோடு நில்லாமல், ஆடையில் ஒட்டியும் நீரிற் கலந்தும் வீட்டை அடையும் நிலையும் அதனோடு வந்தது.

கந்தகம் தேயிலைக்கு உணவாகவும் தேவைப்படுகின்றது. ஆபிரிக்காவின் நியாசலாந்தில், இன்றைய மலாவியில், தேயிலைச் செடிகள் மஞ்சளித்து இலையுதிர்ந்து மடிந்தமைக்கு மண்ணில் கந்தகம் குறைந்தமையே காரணம் என 1933 இல் இசுரோரி, லீச் என்னும் ஆய்வாளர் நிறுவினர். தேயிலைக்கு இடப்படும் அமோனியம் சல்பேற்று உரம் நைதரசனோடு கந்தகத்தையும் செடிக்கு ஊட்டுவது. வடித்த தேநீரின் நறுமணத்திலும் கந்தகச் சேர்வைக்குப் பங்குண்டு. மிக நுண்ணிய அளவிலுள்ள இருமெதைல் சல்பைட்டு தேநீருக்கு இனிய வாசனையைத் தருகின்றது. அளவு கூடினால் அதுவே அழுகிய காய்கறியின் வாடையாகும்.

ஊவாவின் சிறப்பு அதன் காற்றில் உள்ளது. யூலை முதல் செத்தெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குப் புறத்தில் மழையைச் சொரிந்துவிட்டு, உலர்ந்த கச்சான் காற்றாக ஊவாப் பள்ளத்தாக்கின் மேல் வீசும். அவ்வறட்சியில் தளிர் மெல்ல வளரும், மணம் செறியும். உயர் விலை பெறும் ஊவாத் தேயிலை இப்பருவத்திலேயே உற்பத்தியாகின்றது. ஆனால் வறட்சி சிவப்புச் சிலந்திப் பேனுக்கும் உகந்த காலம். இலையின் சாற்றை உறிஞ்சி அதனைச் செம்பு நிறமாக்கும் அப்பேனுக்கு எதிராகக் கந்தகம் நெடுங்காலம் பயன்பட்டது. மணம் செறியும் காலமும் கந்தகம் வேண்டப்படும் காலமும் ஒன்றாகவே அமைந்தன.

தேயிலை அயல் வாடையை எளிதில் உள்வாங்கும் பொருள். கந்தகம் இட்ட செடியிலிருந்து உடனே பறித்த கொழுந்து, வடித்த தேநீரிலும் அவ்வாடையைக் கொண்டு செல்லக்கூடும். 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்துக்கு முன்னர், ஒவ்வொரு மாதிரியையும் தரகு நிறுவனத்தின் சுவைஞர் முகர்ந்தும் சுவைத்தும் தரம் பிரிப்பர். வேற்று வாடை கண்டால் விலை வீழும். ஆதலின் மருந்திடுதலுக்கும் கொழுந்து பறித்தலுக்கும் இடையே உரிய நாள் இடைவெளி விடவேண்டும் என்பது தோட்ட நிருவாகத்தின் கவனத்துக்குரியதாயிற்று.

இங்கு வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய உண்மையொன்று உண்டு. ஒரே வாடையை இருவர் முகர்ந்தனர். கொழும்பில் சுவைஞர் முகர்ந்தது தேயிலையின் விலையைத் தீர்மானித்தது. அவருடைய மூக்கு ஒரு தொழிற் கருவியாக மதிக்கப்பட்டது. மலைச்சரிவில் மருந்து தெளித்தவர் அதனைவிடப் பன்மடங்கு செறிவான வாடையை நாள் முழுவதும் முகர்ந்தார். அவருடைய மூக்கெரிவும் கண்ணெரிவும் எந்த ஏலத்திலும் விலையாகவில்லை. அவை தோட்ட மருந்தறைக்கு வந்திருந்தால், சாதாரணத் தடிமனாகவும் கண்நோயாகவுமே கொள்ளப்பட்டிருக்கும்.

இறப்பரும் வெளுப்பு நெடியும்

ஊவாவின் தாழ்பகுதியான மொனராகலை, 1959 இல் தனி மாவட்டமாகும் வரை பதுளை மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. அங்கு இறப்பரும் பயிராகின்றது. 1876 இல் எனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்ட நாற்றுகளிலிருந்து இலங்கையில் இறப்பர்ச் செய்கை தொடங்கியது. ஆயினும் இறப்பருக்கும் கந்தகத்துக்குமான உறவு அதற்கு முற்பட்டது. 1839 இல் அமெரிக்கரான குட்இயர், இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் வெயிலில் இளகாத, குளிரில் நொறுங்காத உறுதியான பொருள் கிடைப்பதைக் கண்டார். 1846 இல் பார்க்சு என்பவர், கந்தகக் குளோரைட்டைக் காபனிருசல்பைட்டிற் கரைத்து, சூடாக்காமலே அதே பயனைப் பெறும் முறையைக் கண்டறிந்தார்.

இரண்டாம் முறையின் விலை மனித உடலிற் செலுத்தப்பட்டது. 1856 இல் பாரிசு மருத்துவர் தெல்பெசு, இறப்பர்த் தொழிற்கூடங்களிற் காபனிருசல்பைட்டின் ஆவியை முகர்ந்து வேலை செய்தவர்களின் நிலையை விவரித்தார். தலைவலி, கைகால் தளர்ச்சி, நினைவுக் குறைவு, கடுஞ்சினம், மனக்குழப்பம் ஆகியவை அவர் கண்ட அறிகுறிகள். தொழில்சார் நோயியலின் தொடக்ககால ஆவணங்களுள் இது ஒன்று. பாரிசுத் தொழிலாளர்க்கு அவர்களுடைய நோயைப் பதிவு செய்ய ஒரு மருத்துவர் கிடைத்தார் என்பதே இங்கு கருதத்தக்கது.

இலங்கையில் உற்பத்தியாகும் வெண்கிறேப் இறப்பர் உலகில் தனிமதிப்புடையது. பாலிலுள்ள இயற்கையான மஞ்சள் நிறத்தை நீக்கினால்தான் அதற்கு உயர் விலை கிடைக்கும். நிறம் கறுக்காதிருக்கச் சோடியம் இருசல்பைற்றும், மஞ்சளை வெளுக்க மேர்கப்டன் வகைச் சேர்வைகளும் பாலிற் கலக்கப்படுகின்றன. கந்தகமும் ஐதரசனும் இணைந்த கூட்டத்தைத் தாங்கிய மேர்கப்டன்கள், மனிதர் அறிந்த பொருள்களுள் மிகக் கொடிய நெடியுடையவை. மிக நுண்ணிய அளவே காற்றில் கலந்தாலும் மூக்கு அதனை உணரும். காற்றோட்டமற்ற அறையில் அவற்றைக் கையாள்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் ஏற்படும். வெண்மையான இறப்பர்த் தாள் தூய்மையின் அடையாளமாக வெளிநாடு செல்கின்றது. அதனை வெண்மையாக்கிய நெடி தொழிற்சாலைச் சுவர்களுக்குள் தங்கிவிடுகின்றது.

‘மருந்து’ என்னும் சொல்

தோட்டத்து வழக்கிலும் கிராமத்து வழக்கிலும் பூச்சிகொல்லிக்கு ‘மருந்து’ என்றே பெயர். தெளித்தல் ‘மருந்தடித்தல்’ ஆகும். பயிரின் நோய் தீர்ப்பது என்னும் பொருளிற் பிறந்த இவ்வழக்கு, நஞ்சை நஞ்சென்று உணரவிடாமல் மறைப்பதாகவும் அமைந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரின் காலத்தில் செருமனியில் செராடர் என்னும் வேதியியலறிஞர் கண்டறிந்த பரத்தியன், 1950 இல் அமெரிக்காவில் அறிமுகமான மலத்தியன் ஆகியவை கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த கூட்டுப் பொருள்கள். அவற்றின் உள்ளி போன்ற வாடைக்கு அக்கந்தகத் தொடர்பே காரணம். உடலுக்குட் புகுந்தபின் இவற்றிலுள்ள ஒரு கந்தக அணுவின் இடத்தை ஒட்சிசன் பிடிக்கின்றது. அம்மாற்றத்தினால் அவை முன்னினும் கொடிய நஞ்சாகின்றன. நரம்புச் செய்தி ஓய்வதற்கு இன்றியமையாத நொதியம் அவற்றால் முடக்கப்படுகின்றது. வியர்வை பெருகும், வாயூறும், பார்வை மங்கும், மூச்சு அடைக்கும். குடித்தால் மட்டுமன்றித் தோலிற் பட்டாலும் இவற்றுட் பல உட்புகும். முதுகில் சுமக்கும் தெளிகருவி ஒழுகினால், சரிவில் ஏறி இறங்கும் தொழிலாளியின் நனைந்த சட்டையே நஞ்சுக்கு வாயிலாகும்.

ஊவாவில் இவற்றின் பயன்பாடு பலமுனைகளில் நிகழ்ந்தது. வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கும் காய்கறியும் பெருகியபோது பூச்சிகொல்லியும் பெருகியது. தோட்ட மக்களுட் பலர் அந்நிலங்களிலும் நாட்கூலிக்குச் சென்றனர். தாழ்ந்த ஊவாவின் மலேரியாப் பகுதிகளும் உண்டு. நுளம்புகள் டி.டி.ரி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டமையால், இலங்கையின் மலேரியா ஒழிப்புப் பணியில் 1977 முதல் மலத்தியன் வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டது. 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடாக அறிவித்தமைக்கு வழிசெய்த நெடிய முயற்சியில் அந்நெடிக்கும் பங்குண்டு.

ஆனால் இலங்கை மலத்தியனைத் தெளிக்கத் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1976 இல், பாக்கிசுத்தானில் ஒரு பேரிடர் நிகழ்ந்திருந்தது. அங்கு மலேரியா ஒழிப்பில் மலத்தியன் தெளித்த ஏறத்தாழ 7,500 பணியாளருள் 2,800 பேர் வரை நஞ்சேறி நோயுற்றனர், ஐவர் இறந்தனர். மருந்தின் சில வகைகளில் ஐசோமலத்தியன் என்னும் மாற்றுப் பொருள் உருவாகி நஞ்சின் கடுமையைப் பெருக்கியிருந்தது. பாதுகாப்பற்ற கையாளுகையும் சேர்ந்தது. மருந்தின் பெயரும் பயனும் முன்போலவே இருக்க, அதன் தன்மை மட்டும் மாறியிருந்தது. வேதியியற் பரிசோதனை இல்லாத இடத்தில் தொழிலாளியின் உடலே பரிசோதனைக் கூடமாயிற்று.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு திருப்பம். அதன் வழியாக 1984 இல் பரத்தியனும் மெதைல் பரத்தியனும் தடைசெய்யப்பட்டன. 1995 இல், கடுநஞ்சு வகுப்பில் எஞ்சியிருந்தவை நீக்கப்பட்டன. கந்தகம் தாங்கிய, நெடி மிக்க மெத்தமிடோபொசும் அவற்றுள் ஒன்று. 1998 இல் எண்டோசல்பானும் நீக்கப்பட்டது. எளிதில் எட்டும் இடத்தில் கடுநஞ்சு இருந்தமையால் கணப்பொழுதுத் துயரம் மரணமாக முடிந்த வீடுகள் நாடெங்கும் இருந்தன. லயன்களும் அதற்கு விலக்கல்ல. 1995 ஆம் ஆண்டளவில் உலகின் மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்றைக் கொண்டிருந்த இலங்கையில், அடுத்த பத்தாண்டுகளில் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரம் பாதியாகிவிட்டது என இதற்குப் பொருளில்லை. நஞ்சு கையருகே இல்லாதபோது பல உயிர்கள் தப்பின என்பதே ஆய்வாளரின் முடிவு. பூச்சிகொல்லியைக் கையாள்வோர் கவனமாயிருக்க வேண்டும் என அறிவுறுத்துவதினும், கொடிய பொருளையே நீக்குதல் பயன் தரும் என்பதற்கு இது சான்றாகும்.

எச்சரிக்கையாகிய நெடி

கந்தகச் சேர்வையின் நெடியே உயிர்காக்கும் கருவியாகவும் ஆனதுண்டு. 1937 மார்ச்சு 18 இல், அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்து நியூ இலண்டன் என்னும் ஊர்ப் பாடசாலையில் மணமற்ற இயற்கை வாயு எவரும் அறியாமற் கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மாணவர். அதன்பின் எரிவாயுவில் நெடியூட்டியைக் கலக்கும் விதி பிறந்து உலகெங்கும் பரவியது. சமையல் எரிவாயு கசியும்போது மூக்கில் ஏறும் வாடை, அதற்கெனக் கலக்கப்பட்ட எதைல் மேர்கப்டனின் வாடையே. 2021 இன் இறுதியில் இலங்கையில் வீட்டு எரிவாயு தொடர்பான வெடிப்புகள் தொடர்ந்தபோது, மேர்கப்டன் போதிய அளவில் இல்லாமை பொதுமக்களின் விவாதத்துக்குரியதாயிற்று. அக்காரணத்தினால் கப்பலில் வந்த எரிவாயு ஏற்கப்படாத நிகழ்வும் உண்டு. வெறுக்கப்பட்ட நெடியை வேண்டுமென நாடு கேட்ட காலம் அது.

எனினும் மூக்கை மட்டும் நம்பியிருத்தல் தகாது. கழிவுக் குழிகளிலும் மூடிய தொட்டிகளிலும் தோன்றும் ஐதரசன் சல்பைட்டு இதற்குத் தக்க சான்று. காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஒரு பங்கினும் குறைவாக இருந்தாலும் மூக்கு அதனை உணரும். நூறு பங்களவில் ஏறினால், சில நிமிடங்களில் முகரும் ஆற்றலே மரத்துவிடும். நெடி நீங்கிவிட்டது என மனிதன் எண்ணுவான். அதற்கு மேலும் செறிந்தால் உணர்விழந்து வீழ்வான். குழியில் வீழ்ந்தவனைத் தூக்க இறங்கியவனும் வீழ்வது இதனாலேயே. எச்சரிக்கை மறையும் இடத்தில்தான் ஆபத்து முதிர்கின்றது.

இவ்வெல்லாச் செய்திகளையும் தொகுத்து நோக்கினால் ஒரு முடிவு பெறப்படும். நெடி ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை பயன் தருவதற்கு, அதனை உணர்ந்தவன் வேலையை நிறுத்தவும், விலகவும், முறையிடவும், முறையீடு பதிவாகவும் வழியிருத்தல் வேண்டும். துண்டு முறையின் கீழ் அவ்வழி அடைபட்டிருந்தது. துண்டு ஒழிந்தபின்னும், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாசுத்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. நாடற்ற நிலையின் எச்சம் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்வுக்கு வந்தது. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992 இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. நிருவாகங்கள் மாறிய இக்காலம் முழுவதிலும் மருந்து தெளிப்போர் அதே சரிவில் நின்றனர். குடியிருக்கும் அறையும் வேலையும் ஒரே கையில் இருந்தபோது, ‘இந்த நெடி தாங்கவில்லை’ என்று சொல்வதே பலருக்கு எளிதாயிருக்கவில்லை.

கோப்பி நோயைப் பற்றிப் பேராதனையும் பிரித்தானியாவும் சேர்த்து வைத்த ஏடுகள் பல. பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் மருந்தடித்து ஓய்ந்தவர்களின் அனுபவமோ பெரும்பாலும் அவர்களுடைய நினைவிலேயே உள்ளது. எந்த மருந்து எந்த வாடையுடையது, எந்நாளில் தலை சுற்றியது, யார் வயலிலிருந்து தூக்கிவரப்பட்டார் என்பவற்றை அவர்கள் சொல்லக் கூடும். தோட்டச் செக்றோல் ஏடுகளையும் மருந்தறைக் குறிப்புகளையும் அவ்வாய்மொழிகளோடு ஒப்பிட்டு எழுதும் பணி, பல்கலைக்கழகங்களில் வரலாறும் வேதியியலும் மருத்துவமும் பயிலும் மலையக மாணவர் கூடி மேற்கொள்ளத்தக்கது. அம்முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் ஆதலின் அப்பணி காலந்தாழ்த்தத்தக்கதன்று.